"அக்கா, ஒரு சந்தேகம்": பிள்ளைத்தாய்ச்சிகள் கேட்டவையும் நான் சொன்னவையும்

மதுரை மகபூப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் கூடி ஓதுவோம். ஓதி முடித்து எல்லாரும் படி இறங்கும்போது யாராவது ஒருத்தி மட்டும் பின்தங்கி நிற்பாள். பெரும்பாலும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பவளாகவோ, தோளில் பச்சைப்பிள்ளையைப் போட்டிருப்பவளாகவோ இருப்பாள். "அக்கா, ஒரு சந்தேகம்" என்று அவள் கேட்பதை அடுத்த மாதம் இன்னொருத்தியும் கேட்பாள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன். நம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் ஹனஃபி மத்ஹபு, அதாவது ஹனஃபி சட்ட வழி. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள் ஷாஃபி. இரண்டும் மாறுபடுகிற இடத்தில் இரண்டையும் சொல்லியிருக்கிறேன்.

"புள்ளைய சுமக்கிறதே இபாதத்துன்னு சொல்றாங்களே, குர்ஆன்ல அப்படி இருக்கா?"

இபாதத், அதாவது வணக்கம், என்ற அந்தச் சொல்லால் இல்லை. ஆனால் லுக்மான் அத்தியாயத்தைப் பாருங்கள் (31:14). பெற்றோர் இருவருக்கும் நன்மை செய்யும்படி தொடங்குகிற வசனம், அடுத்த நொடியே தாயின் வயிற்றுக்கு வந்துவிடுகிறது: பலவீனத்துக்கு மேல் பலவீனப்பட்டு அவனை அவள் சுமந்தாள், பால்குடி மறக்க இரண்டு ஆண்டு. இன்னோரிடத்தில் (46:15), சிரமத்தோடு சுமந்தாள், சிரமத்தோடு பெற்றாள், சுமந்ததும் பால் கொடுத்ததும் சேர்த்து 30 மாதம் என்று கணக்கே வருகிறது. அவள் படுகிற பாட்டை அல்லாஹ் மாதம் எண்ணிச் சொல்கிறான். இதற்கு மேல் ஒரு மதிப்பு வேண்டுமா?

கருப்பைக்கு அரபியில் ரஹிம் என்று பெயர். ரஹ்மான், ரஹீம் என்ற திருப்பெயர்களும் அதே வேரில் பிறந்தவை. "நான் ரஹ்மான். ரஹிமைப் படைத்து, என் பெயரிலிருந்தே அதற்குப் பெயர் கொடுத்தேன்" என்று ஹதீஸ் குத்ஸியில் (அல்லாஹ்வின் சொல்லாக நபியவர்கள் அறிவித்தது) வருகிறது. அங்கே ரஹிம் என்பது இரத்த உறவு. அந்த உறவு தொடங்குகிற இடம் உங்கள் வயிறு. முள் குத்தினால்கூட அதற்காக ஒரு முஃமினின் பாவம் மன்னிக்கப்படுகிறது என்று புகாரி ஹதீஸ் நூலில் இருக்கும்போது, ஒன்பது மாதத்து வாந்தியும் இடுப்புவலியும் கணக்கில் வராமல் போகாது.

"தாயின் காலடியில் சொர்க்கம்னு ஹதீஸ் இருக்கா, இல்லையா? ஒருத்தர் பலவீனம்ங்கிறார்."

"தாய்மார்களின் பாதங்களுக்குக் கீழே சொர்க்கம்" என்று பொதுவாகச் சொல்லப்படும் வாசகத்தின் அறிவிப்பு பலவீனமானது. அவர் சொன்னது சரிதான். கருத்து பொய்யில்லை. போருக்குப் போக அனுமதி கேட்டு வந்த ஜாஹிமா என்ற தோழரிடம் நபி (ஸல்) அவர்கள், "உனக்குத் தாய் இருக்கிறாரா?" என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றதும், "அவரை விடாதே, அவருடைய கால்களுக்குக் கீழேதான் சொர்க்கம் இருக்கிறது" என்றார்கள். இது நஸாயீ ஹதீஸ் நூலில் உள்ளது, அறிஞர்கள் ஏற்றுக்கொண்டது. மூன்று முறை "உன் தாய்", நான்காவதாக "உன் தந்தை" என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

"கர்ப்பிணி தொழுற ரெண்டு ரக்அத் மத்தவங்களோட 80 ரக்அத்துக்குச் சமம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

அதற்கு ஆதாரம் இல்லை. ஒவ்வொரு மிடறு பாலுக்கும் இன்ன நன்மை, ஓர் இரவு கண்விழித்தால் 70 அடிமைகளை விடுதலை செய்த நன்மை என்று வரும் நீண்ட செய்தியையும் ஹதீஸ் அறிஞர்கள் ஏற்கவில்லை. இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலில் இப்னுல் ஜவ்ஸி அதைச் சேர்த்திருக்கிறார். பிரசவ வலி 57 டெல், 20 எலும்பு ஒரே நேரத்தில் உடைவதற்குச் சமம் என்பதும் அப்படித்தான். மருத்துவத்தில் அப்படி ஓர் அளவே புழக்கத்தில் இல்லை. முதல் பதிலில் சொன்ன வசனங்கள் கையில் இருக்கும்போது, நபியின் பெயரில் சொல்லாததைச் சொல்லி ஏன் பாவம் தேட வேண்டும்? வந்தால் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

"யூஸுஃப் சூரா ஓதினா அழகான பையன், மர்யம் சூரா ஓதினா சுகப்பிரசவம். எது எந்த மாசம் ஓதணும்?"

மாதக்கணக்கு எதுவும் மார்க்கத்தில் இல்லை. இரண்டு சூராவையும் எப்போது வேண்டுமானாலும் ஓதுங்கள், அர்த்தத்தோடு ஓதுங்கள். மர்யம் சூராவில் ஈஸா நபியின் தாய் மர்யம் தனியாகப் பிரசவிக்கும் காட்சி இருக்கிறது. பயத்தில் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கு அதைவிட நெருக்கமான பக்கம் இல்லை. கேட்க வேண்டியது நல்ல பிள்ளையை. மூக்கும் நிறமும் அல்லாஹ்வின் வேலை.

"எட்டு மாசம் ஆச்சு, ஸஜ்தாவுக்குக் குனிய முடியல. நாற்காலியில தொழுதா கூடுமா?"

கூடும். நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று இம்ரான் பின் ஹுஸைன் அவர்களிடம் நபியவர்களே சொன்னார்கள். நிற்க முடிந்தால் நின்று தொடங்கி, குனிய முடியாத இடத்தில் மட்டும் உட்காருங்கள். சைகை செய்யும்போது ருகூவைவிட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகமாகத் தலையைத் தாழ்த்த வேண்டும்.

கூடவே வரும் இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில். பால் கொடுத்தால் ஒளு (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தம்) முறியாது. பிள்ளை மூத்திரம் பட்ட துணியை, ஷாஃபியில் பால் மட்டுமே குடிக்கும் ஆண்பிள்ளை என்றால் தண்ணீர் தெளித்தால் போதும், பெண்பிள்ளை என்றால் கழுவ வேண்டும். ஹனஃபியில் இரண்டுக்கும் கழுவ வேண்டும்.

"நோன்பை விட்டுடவா, பிடிக்கவா? மாமி 'நாங்கள்லாம் பிடிக்கலையா'ங்கிறாங்க."

போன ஆண்டு ரமளானில் ஒரு பெண், எட்டு மாதம், அஸர் நேரத்தில் எங்கள் வீட்டு வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கையில் பள்ளிவாசல் கஞ்சிக்கான தூக்குவாளி. "காலையிலேருந்து புள்ள அசையவே இல்லக்கா" என்றாள். நோன்பைத் திறக்கச் சொல்லி ஒரு செம்பு தண்ணீரைக் கொடுத்து, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அல்லாஹ் காப்பாற்றினான். அவள் வழியெல்லாம் கேட்டது ஒன்றுதான்: "நோன்பு போச்சேக்கா, குத்தமா?"

குற்றம் இல்லை. பயணிக்கு நோன்பையும் தொழுகையில் பாதியையும், கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பையும் அல்லாஹ் தளர்த்தியிருக்கிறான் என்று நபியவர்கள் சொன்னது திர்மிதியில் இருக்கிறது. உங்களுக்கோ பிள்ளைக்கோ கெடுதல் வரும் என்று அனுபவத்தால் தெரிந்தாலோ மருத்துவர் சொன்னாலோ விட்டுவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் விட்டே ஆக வேண்டும். உடம்பு தாங்குகிறது, மருத்துவரும் சரி என்கிறார் என்றால் பிடிக்கலாம். மாமி பிடித்திருக்கலாம், அது அவருடைய உடம்பு.

விட்ட நோன்பைப் பிறகு களா செய்ய வேண்டும், அதாவது வேறு நாளில் பிடித்து ஈடுகட்ட வேண்டும். ஹனஃபியில் களா மட்டும். ஷாஃபியில், பிள்ளைக்காக மட்டுமே பயந்து விட்டிருந்தால் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து (இரு கை சேர்த்து அள்ளும் அளவு) தானியம் ஃபித்யாவாக, அதாவது ஏழைக்குக் கொடுக்கும் பரிகாரமாக, சேரும். தனக்காகப் பயந்து விட்டிருந்தால் களா மட்டும் போதும். மார்கழி, தையில் பகல் குறைவு, வெயிலும் தணிந்திருக்கும். களாவை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

"ரமளான் முழுக்கப் புள்ளையோடயே போச்சு. ஒரு தராவீஹ் இல்ல, ஒரு ஜுஸ்உ ஓதல. எனக்கு என்ன இருக்கு?"

இதைக் கேட்கும்போது நிறையப் பேருக்குக் கண் கலங்கிவிடும். நான் இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜர் அம்மையாரைத்தான் சொல்வேன். ஆளில்லாத பள்ளத்தாக்கில் கைக்குழந்தை தாகத்தால் துடிக்கிறது. அவர் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு முறை ஓடினார். தண்ணீர் தேடித்தான் ஓடினார். பிள்ளைக்காக ஒரு தாய் பதறி ஓடிய அந்த ஓட்டத்தை அல்லாஹ் ஹஜ்ஜின் கடமையாக்கினான். அரசனாக இருந்தாலும் ஆலிமாக இருந்தாலும் அங்கே போனால் அந்தத் தாயின் அடிச்சுவட்டில் நடந்தாக வேண்டும். நீங்கள் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக் கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடப்பது அவனுக்குத் தெரியாதா?

நபியவர்கள் தொழுகையை நீட்ட நினைத்துத் தொடங்கி, ஏதோ ஒரு பிள்ளை அழுவது காதில் விழுந்ததும், தாயின் மனம் என்ன பாடுபடும் என்று சுருக்கிக்கொள்வார்கள். இமாமாக நின்ற நபியே தாய்க்காகத் தொழுகையைச் சுருக்கியிருக்க, உங்கள் உபரி வணக்கம் குறைந்துபோனதற்கு நீங்கள் உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். பால் கொடுக்கும்போது நாக்கு சும்மாதான் இருக்கிறது. திக்ரு, ஸலவாத்து சொல்லுங்கள்.

"வளைகாப்பு போடலாமா?"

சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவதில், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆசைப்பட்டதை ஆக்கிக் கொடுப்பதில் தவறில்லை. வளையல் சத்தம் கெட்டதை விரட்டும், இன்ன நேரத்தில்தான் போட வேண்டும் என்ற நம்பிக்கை நம்முடையதல்ல. நான் உறுதியாகச் சொல்வது வேறொன்று: தாய்வீட்டார் நகையை அடகு வைத்து ஏழாம் மாதச் சீர் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பால் கொடுக்கும் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது பிள்ளையின் தகப்பன் கடமை என்று குர்ஆன் சொல்கிறது (2:233). தலாக் ஆகிப் பிரிந்திருந்தாலும் பிரசவம் வரை செலவு அவனுடையது (65:6).

"வலி எடுத்ததும் மர்யம் பூவை ஊறப்போட்டுக் குடிக்கணுமாமே?"

ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவரும் பொருள் அது. காய்ந்து, பழுப்பாக, மூடின குழந்தைக் கைமாதிரி இருக்கும். கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மெல்ல விரல் விரலாகப் பிரியும். பூ விரிய விரிய கருப்பை வாய் விரியும் என்பார்கள். காய்ந்த செடி தண்ணீரை இழுத்து விரிவது அதன் இயல்பு. எந்தச் சக்தியும் அதில் இல்லை. மர்யம் அம்மையார் அதைப் பிடித்தார் என்பதற்கு ஹதீஸ் இல்லை. பார்த்து மனம் ஆறினால் பாருங்கள். அந்தத் தண்ணீரை மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். குர்ஆன் மர்யம் அவர்களுக்குச் சொன்னது பேரீச்சம்பழமும் தண்ணீரும்.

"நாப்பது முடியாம தொழக் கூடாதுதானே?"

மதுரையில் நான் அதிகம் திருத்தியது இதைத்தான். 40 நாள் என்பது ஹனஃபியில் நிஃபாஸ் என்ற பிரசவ இரத்தத்தின் உச்ச எல்லை. ஷாஃபியில் 60. குறைந்த எல்லை கிடையாது. இருபதாம் நாளே இரத்தம் முழுதாக நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதுதான். நாற்பதாம் நாள் முழுக்கு வைத்து, விருந்து வைத்து, அதுவரை தொழாமல் இருந்தால் இரத்தம் நின்ற பிறகு விட்டவை எல்லாம் களா. எல்லையைத் தாண்டியும் இரத்தம் வந்தால் அது நோய் இரத்தம், அதோடும் தொழுகை உண்டு. மருத்துவரிடமும் போக வேண்டும்.

நிஃபாஸ் இரத்தம் வந்த நாட்களில் விட்ட தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு. அந்த நாட்களில் துஆ, திக்ரு, ஸலவாத்து எதற்கும் தடையில்லை. பெற்றவளைத் தீட்டு என்று தனித் தட்டு, தனிப் பாய் போட்டு ஒதுக்குவதும் இஸ்லாத்தில் இல்லை.

"எனக்கு ஆபரேஷன்தான். வலியே படாம பெத்தவளுக்கு அந்த நன்மை கிடையாதுன்னு நாத்தனா சொல்றா."

முதுகில் ஊசி, வயிற்றில் தையல், பிறகு இருமக்கூட முடியாத ஒரு வாரம். இதை வலியே இல்லை என்று சொல்பவர் அந்தக் கட்டிலில் படுத்ததில்லை. நன்மையை அல்லாஹ் கொடுக்கிறான், பிள்ளை எந்த வழியில் வந்தது என்று பார்த்து அல்ல. சட்டமும் ஏறக்குறைய அதேதான்: கருப்பையிலிருந்து இரத்தம் வந்தால் நிஃபாஸ், நின்றதும் குளிப்பு. தையலில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், எப்படிச் செய்வது என்று உங்கள் மத்ஹபு ஆலிமிடம் கேளுங்கள். தயம்மும் (தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணால் செய்யும் சுத்தம்) என்ற வாசல் இதற்குத்தான் இருக்கிறது.

"மூணாவதும் பொண்ணு. வீட்ல யாரும் சரியா பேசல."

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப் போகிறவனை அல்லாஹ் கண்டித்த வசனத்தை (16:58, 59) அந்த வீட்டு ஆண்களுக்கு ஓதிக் காட்டுங்கள். "நாடியவருக்குப் பெண்மக்களைத் தருகிறான், நாடியவருக்கு ஆண்மக்களைத் தருகிறான்" (42:49) என்ற வசனத்தில் பெண்ணே முதலில் வருகிறாள். இம்ரானின் மனைவி, பைத்துல் முகத்தஸ் ஊழியத்துக்கென்று நேர்ந்து சுமந்த பிள்ளை பெண்ணாகப் பிறந்தபோது, "இறைவா, பெண்ணையல்லவா பெற்றுவிட்டேன்" என்றார். அந்தப் பெண்தான் மர்யம்.

1980களில் நம் மதுரை மாவட்டத்து ஊர்கள் பெண்சிசுக்கொலைக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டன. அந்த மண்ணில் வாழும் நாம், உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தை "எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய்" என்று மறுமையில் கேட்கப்படுவாள் (81:8, 9) என்பதை மறக்கக் கூடாது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம்.

"புள்ள பிறந்ததிலேருந்து அழுகை அழுகையா வருது. செத்துடலாம்னுகூட தோணுது. ஈமான் குறைஞ்சிடுச்சா? ஜின்னா?"

மர்யம் அவர்களின் ஈமானைவிடவா? வலி அவரைப் பேரீச்ச மரத்தடிக்குத் தள்ளியபோது, "இதற்கு முன்பே நான் செத்து, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா" என்றார் (19:23). அந்தச் சொல்லை அல்லாஹ் மறைக்கவில்லை. வேதத்தில் பதிந்தான். அடுத்து வந்த குரலில் ஒரு கண்டிப்புகூட இல்லை: கவலைப்படாதே, காலடியில் ஓடை இருக்கிறது, மரத்தைக் குலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. அதற்கும் மேல், மனிதர் யாரையும் கண்டால் இன்று பேச மாட்டேன் என்று நேர்ந்திருப்பதாகச் சொல்லிவிடு என்றும் வந்தது. பிள்ளை பார்க்க வருகிற கூட்டத்துக்குப் பதில் சொல்லும் வேலையைக்கூட அவருக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு மாமியாரும் கணவனும் இந்த நான்கு வசனத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மூஸா நபியின் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனது என்றும் குர்ஆன் சொல்கிறது (28:10).

பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாத அழுகை நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். அதைத் தாண்டினாலோ, சாக வேண்டும், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோம் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலோ, உடனே மருத்துவரிடம் போங்கள், அவளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற இலவச அரசு எண்ணில் எந்த நேரமும் பேசலாம். ஓதிப் பார்ப்பது உங்கள் விருப்பம். அது மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

"அஞ்சாம் மாசம் கலைஞ்சிடுச்சு. அதுக்கு மறுமையில உயிர் உண்டா?"

120 நாளில் உயிர் ஊதப்படுகிறது என்பது இப்னு மஸ்ஊத் அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலிருந்து அறிஞர்கள் எடுத்தது. ஐந்தாம் மாதம் என்றால் அது தாண்டிவிட்டது. துணியில் சுற்றி, கண்ணியமாக அடக்க வேண்டும். மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பெயரும் வையுங்கள். விழுகட்டி (கலைந்து விழுந்த பிள்ளை) தன் தொப்புள்கொடியால் தாயைச் சொர்க்கத்துக்கு இழுத்துச் செல்லும் என்று இப்னு மாஜாவில் வருகிறது. அதன் அறிவிப்பாளர்கள் பற்றிப் பேச்சு உண்டு. பிள்ளைகளை இழந்த தாய்க்கு அவர்கள் நரகத்தைத் தடுக்கும் திரை என்ற ஹதீஸ் புகாரியில் உறுதியாக இருக்கிறது.

அழலாம். மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எனக்குப் புள்ளையே இல்ல. தாய்க்குத்தான் இவ்வளவு சிறப்புன்னா நான் யாரு?"

ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தமக்கை மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் "உம்மு அப்துல்லாஹ்" என்று நபியவர்கள் அவருக்குப் பெயர் கொடுத்தார்கள். குர்ஆன் அவரை முஃமின்களின் தாய் என்கிறது (33:6). மேலே சொன்ன 42:49க்கு அடுத்த வசனத்தைப் பாருங்கள்: நாடியவரைப் பிள்ளையற்றவராக்குகிறான் என்று அதையும் தன் செயலாகவே சொல்கிறான். தண்டனை என்று ஒரு வார்த்தை இல்லை.

"கைப்புள்ள ஆறு மாசம், மறுபடி தள்ளிப்போயிருக்கு. கலைச்சா பாவமா? இனிமே தடுத்துக்கலாமா?"

தற்காலிகத் தடுப்பு, இருவரும் சம்மதித்தால் கூடும். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே நாங்கள் அஸ்ல் (விந்தை வெளியே விடுதல்) செய்துவந்தோம் என்று ஜாபிர் (ரலி) சொல்லியிருக்கிறார். நிரந்தரமாக அறுவை செய்வது மருத்துவத் தேவை இருந்தால் மட்டும். கலைப்பதில், 120 நாளுக்குப் பிறகு தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கூடாது. அதற்கு முன்பும் வெறுமனே வேண்டாம் என்று செய்ய இன்றைய ஆலிம்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. தாயின் உடல்நிலை, கைப்பிள்ளையின் நிலை போன்ற காரணம் இருந்தால் சில ஹனஃபி அறிஞர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். நாட்டுச் சட்டம் அனுமதிக்கிற எல்லை வேறு, இது வேறு. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் போடாதீர்கள். மருத்துவர், ஆலிம் இருவரையும் நேரில் பாருங்கள்.

"குறைமாசப் புள்ள. தாய்ப்பால் வங்கிப் பால் கொடுத்தாங்க. அது யார் பாலோ? நாளைக்கு நிக்காஹ்ல சிக்கல் வருமா?"

வேறொரு பெண்ணின் பாலை இரண்டு வயதுக்குள் குடித்தால் அவள் பால்தாய், அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகள், நிக்காஹ் கூடாது. ஹனஃபியில் ஒரு வாய் போனாலும் போதும், ஷாஃபியில் ஐந்து தனித்தனி முறை. வங்கியில் பலருடைய பாலும் கலந்திருப்பதால், யாருடையது என்று தெரியாமல் போகும் என்று அஞ்சி 1985இல் ஜித்தாவின் ஃபிக்ஹ் அகாடமி வங்கியைத் தடுத்தது. குறைமாதப் பிள்ளையின் உயிர்த்தேவைக்குக் கூடும் என்ற அறிஞர்களும் உண்டு. மருத்துவர் இந்தப் பால் இல்லாமல் முடியாது என்றால் தயங்காதீர்கள், பிள்ளையின் உயிர்தான் முதலில்.

நேரடியாக ஒரு பெண் கொடுத்தால் விஷயம் எளிது, யாரென்று தெரியும். எங்கள் மாடிக்கு வரும் ஒருத்திக்குப் பால் சுரக்காத மூன்று நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இதற்கும் கொடுத்திருக்கிறாள். "அவங்க வேற மதமாச்சே, அது கணக்காக்கா?" என்று கேட்டாள். கணக்குத்தான், பால் உறவுக்கு மதம் தடையில்லை. தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் அந்த அம்மாவின் பெயர், ஊர், பிறந்த அவள் மகன் பெயர் மூன்றையும் எழுதி வைக்கச் சொன்னேன். எழுதிவிட்டு, பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுபோகலாமா என்று கேட்டாள். உன் பிள்ளையின் தாய்வீடு அது, கட்டாயம் போ என்றேன்.